வாத்தியார் வைத்திருந்த அணிகள்

சுங்குவார்சத்திரத்தில் டுடோரியல் நடத்திய யேசுராஜ் வாத்தியார் எனக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. கைமாற்று இல்லை, வட்டிக்கு வாங்கியதும் இல்லை. நான் அவருக்குச் செய்து மாட்டிய இரும்புப் படிக்கட்டின் பாக்கி. 1991 பொங்கலோடு அந்தப் பாக்கிக்கு அரை வயசு நிரம்பியது.

படிக்கட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் போல இன்னொன்று அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கிடையாது. இரண்டு பக்கமும் கனமான சேனல் இரும்பு, மிதிக்கிற இடத்தில் புள்ளி போட்ட தகடு. மழையில் ஓடி ஏறினாலும் வழுக்காது. கைப்பிடியைக் கைக்குழந்தைகூடத் தடவலாம், ஒரு பிசிறு இருக்காது.

நான் நாலாம் வகுப்புவரை போனவன். மணிமங்கலத்தில் என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டினார். பன்னிரண்டு வயதில் என் கைக்கு வெல்டிங் கண்ணாடி வந்தது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குள் அது தெரியவும் இல்லை. மறைமலை நகரில் நிற்கிற ஷெட்டுகளில் பாதிக்குக் கூரை பற்றவைத்தது இந்தக் கைதான். நாற்பது வயதுக்குள் சுங்குவார்சத்திரத்தில் சொந்தப் பட்டறை, சொந்த டிரில்லிங் மெஷின், என்னிடம் ஆறு ஆள். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன், முதலாளி என்றால் திரும்புவேன். யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. அதனால்தான் எனக்கு வரவேண்டியதை நான் கேட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்.

யேசுராஜ் வேறு மாதிரி மனிதர். அவருடைய அப்பா ஒரகடத்துக்கு உள்ளே ஒரு கிராமத்து மாதா கோயிலில் உபதேசியார். மகனைச் சாமியாராக்கப் படிக்க அனுப்பினார். மகன் அங்கே சாமியைவிடத் தமிழை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். புலவர் பட்டம் வாங்கினார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அரசாங்கப் பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. அழைப்பு மட்டும் வரவில்லை. மனைவி கிளாரா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டு அடுப்பு அந்த அம்மாளின் சம்பளத்தில் எரிந்தது. வாத்தியார் சம்பாதித்தது வாடகைக்கும் சாக்பீஸுக்கும் சரியாக இருந்தது.

அவருடைய சட்டைப்பை எப்போதும் வெள்ளையாக இருக்கும், உள்ளே சாக்பீஸ் கிடக்கும். ரோட்டில் நடக்கும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவார். என் பட்டறைப் பலகையில் ‘இரும்பு கதவு செய்து தரப்படும்’ என்று எழுதியிருந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் நடுவில் ஒரு ‘க்’ சாக்பீஸில் உட்கார்ந்திருந்தது. மழையில் அழிந்தது. மறுபடியும் வந்து எழுதினார். நான் அதைத் துடைக்கவில்லை. அந்த எழுத்துக்கு அவர் காசு கேட்கவில்லை.

டுடோரியல் இருந்தது சுப்பிரமணியின் சைக்கிள் கடை மாடியில். மாடிக்கு வழி கடைக்குள்ளேதான் இருந்தது. கும்பலாக ஆட்கள் டயருக்கு நடுவில் நுழைந்து போவதற்கு சுப்பிரமணி ஒத்துக்கொள்ளவில்லை. வெளிப்பக்கம் படி வைத்துக்கொண்டால் மாடியைத் தருகிறேன் என்றார். ஆக, என் படி இருந்தால்தான் டுடோரியல். படி போனால் யேசுராஜ் மறுபடியும் கிளாரா அம்மாளின் புருஷன், அவ்வளவுதான்.

படிக்க வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. அப்போது இந்தப் பக்கம் கம்பெனிகள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், பத்தாவது பாஸ் சர்டிபிகேட் காட்டினால்தான் பெர்மனென்ட் என்று சொல்லிவிட்டது. லைனில் நின்ற பாதிப் பேர் பத்தாவதில் பெயிலானவர்கள். அதிலும் ஒரு கூட்டம் கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் தேறி, தமிழில் மட்டும் மூன்று மார்க், நாலு மார்க்கில் விழுந்தவர்கள். அவர்களுக்குத்தான் யேசுராஜ் வகுப்பு எடுத்தார். ஷிப்ட் முடிந்து வருவார்கள், சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் இருப்பார்கள்.

நானும் சனிக்கிழமைதான் போவேன். வாத்தியார் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, “அடுத்த சனிக்கிழமை, அண்ணே” என்பார். நான் கீழே நின்று, மனதுக்கு வந்ததைச் சொல்லிவிட்டு வருவேன். ஐப்பசி மழையிலும் போனேன், மார்கழிப் பனியிலும் போனேன். ஒருமுறை வீட்டுக்கே போய்விட்டேன்.

கிளாரா அம்மாள் கதவைத் திறந்தார். “அவரு குடுத்த வார்த்தைக்கு நான் ஜாமீன் இல்ல அண்ணே. வெயில்ல வந்துகிறீங்க, மோர் இருக்குது, குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

மோர் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் பாக்கியில் கழிக்கவில்லை.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டுடோரியல் ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருத்தி ஃபெபி, பேக்கிங் செக்ஷனில் வேலை செய்த பெண், வாய் சும்மா இருக்காது. இன்னொருத்தன் ராஜாமணி, முப்பது வயது தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

ராஜாமணி சொன்னான், “வாத்யாரு போன வாரம் எடுத்துக் காட்டினாரே ஒரு அணி, தற்குறிப்பேற்ற அணி. இன்னா அழகு!”

“எனுக்கு வஞ்சப்புகழ்ச்சி அணிதான் புடிச்சிது. அது ஒண்ணு கைல இருந்தா போதும்” என்றாள் ஃபெபி.

“மொத்தம் எட்டு அணி கீதாம். இன்னும் ரெண்டு வெளிய எடுக்கல.”

“எடுப்பாரு. பரீட்சைக்கு முன்னாடி எல்லாத்தியும் நம்ம கைல குடுத்துட்றேன்னு சொல்லிகிறாரு.”

டீயைப் பாதியில் கீழே வைத்தேன். அணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்குச் சங்கிலி வாங்கிய காஞ்சிபுரத்துக் கடையின் பெயர் பொன்னணி மாளிகை. பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். எட்டு அணியை மாடியில் வைத்துக்கொண்டு, அதை எவனெவனுக்கோ கொடுப்பதாக வாக்கும் கொடுத்துக்கொண்டு, என் படிக்கு மட்டும் அடுத்த சனிக்கிழமை. வஞ்சப்புகழ்ச்சி என்பது கல் வைத்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை டிரைசைக்கிளில் கேஸ் சிலிண்டர், கட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். என் பட்டறையின் மூத்த வெல்டர் இராமச்சந்திரன் வண்டியை மிதித்தான். மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படியின் அடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நின்றேன்.

“வாத்யாரே! எறங்கி வா! எட்டு அணிய மேல வெச்சிகினு படிக்குக் காசு இல்லன்றியா? இன்னிக்கி அணி வரணும், இல்ல படி வரணும். ரெண்டுல ஒண்ணு எடுத்துகினுதான் வூட்டுக்குப் போவேன்!”

மேலே சத்தம் நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஃபெபி கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“முதலாளி, எட்டுல உங்களுக்கு எது வேணும்?”

“எல்லாத்தியும் எடுத்தாரச் சொல்லு. கெட்டியா கீறத நான் பாத்து எடுத்துக்கறேன்.”

“கெட்டியால்லாம் இல்ல முதலாளி. எல்லாம் அவரு வாய்லதான் கீது.”

“தங்கப் பல்லு கட்டிகிறாரா?”

மேலே பெஞ்ச் ஒன்று கவிழ்கிற சத்தம் கேட்டது. யேசுராஜ் மட்டும் சிரிக்கவில்லை. பாதிப் படி இறங்கி வந்து நின்றார். முகத்தில் சாக்பீஸ் தூள். என் கையில் இருந்த கட்டரைப் பார்த்தார், இராமச்சந்திரன் சிலிண்டர் சாவியில் கை வைத்திருந்ததைப் பார்த்தார்.

“அண்ணே, மேல வாங்க. இருக்கிறத எல்லாம் காட்டறேன். பாத்துட்டு அறுக்கறதானா அறுத்துக்கோங்க” என்றார்.

ஏறினேன். நான் செய்த படியில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒரு அசைவு இல்லை.

உள்ளே கரும்பலகையில் வரிசையாக எழுதியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவசரப்படுத்தக்கூடாது. யாரும் அவசரப்படுத்தவில்லை. உவமை அணி என்று போட்டு, எதிரில்: ‘மரை போன நட்டு மாதிரி சுத்திகினே கீறியே தவிர புடிக்க மாட்டன்றியே.’ உருவக அணி: ‘நீ மனுசனா? துருப் புடிச்ச பூட்டு!’ உயர்வு நவிற்சி அணி: ‘உன் வாசலுக்கு நடந்து நடந்து என் காலு முட்டி வரைக்கும் தேஞ்சிபோச்சி.’ தற்குறிப்பேற்ற அணி: ‘படி மழைல நனையல வாத்யாரே, உங்கிட்ட வந்து மாட்டிகினமேன்னு அழுவுது.’ அதற்குக் கீழே வஞ்சப்புகழ்ச்சி அணி: ‘உன்ன மாதிரி ஒரே பேச்சு பேசற ஆளு உண்டா? ஆறு மாசமா ஒரே வார்த்த, அடுத்த சனிக்கெழம.’ கடைசியில் இரட்டுற மொழிதல்: ‘படிக்குக் காசு குடுக்காம படி படின்னா எவன் படிப்பான்?’

ஒவ்வொன்றின் ஓரத்திலும் அடைப்புக்குள் பரசுராமன் என்று இருந்தது. அது என் பெயர்.

“இது நான் திட்டினது” என்றேன்.

“ஆமா அண்ணே. அணின்னா நகை இல்ல. பேச்சுக்குப் போடற நகை. பாட்டுல, செய்யுள்ல வரும். பத்தாவது பரீட்சைல கேப்பாங்க.”

ராஜாமணி எழுந்து நின்றான். “புக்குல கீற பாட்டு எங்க மண்டைல ஏறல முதலாளி. நாலு வரி படிச்சா ரெண்டு வரி மறந்துபூடுது. நீங்க திட்டறது ஏறிடுது. சனிக்கெழம நீங்க வந்துட்டுப் போனப்புறம்தான் வாத்யாரு அந்த வார பாடமே எடுப்பாரு.”

என்னைக் கேட்காமல் என் வார்த்தையை எடுத்திருக்கிறார்கள். “இதுக்கு தனியா காசு ஆவும்” என்றேன்.

“பாக்கியோட சேத்துக்கலாம் அண்ணே” என்றார் யேசுராஜ்.

பிறகு அவர் கணக்கைச் சொன்னார். முந்நூறு ரூபாய் பீஸ். பாதி சேரும்போது, பாதி பாஸ் பண்ணினால். சேரும்போது வாங்கியது மாடி வாடகைக்கும் பெஞ்சுக்கும் போய்விட்டது. மிச்சப் பாதி இவர்கள் பாஸானால்தான் வரும். வந்தால் முதல் பணம் எனக்கு. அவர் அதை ஒப்பனை இல்லாமல், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆறு மாதத்தில் அவர் அடுத்த சனிக்கிழமை என்று சொல்லாதது அன்றைக்குத்தான்.

“பெயிலானா?” என்றேன்.

ராஜாமணி உட்கார்ந்துவிட்டான்.

“அப்ப சொல்லிட்றேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் படி நிக்கும். வந்து, சம்பள நாள் தாண்டி, காசு வரலன்னா படி இருக்காது.”

“அப்ப மேல இருக்கறவங்க எப்பிடி எறங்குறது?” என்றாள் ஃபெபி.

“குதிங்க.”

கீழே இராமச்சந்திரன் என்னைப் பார்த்து, “அறுக்கலாமா?” என்றான். “வண்டியத் திருப்பு” என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு பேரில் அவன்தான் கெட்டிக்காரன்.

அதன் பிறகும் சனிக்கிழமை தவறாமல் போனேன். இப்போது என் பணம் அவர்கள் மண்டைக்குள் இருந்தது, போகாமல் எப்படி? இன்னும் இரண்டு அணிக்குச் சான்று வரவில்லை என்று யேசுராஜ் சொல்லியிருந்தார். நான் கீழே நின்று திட்டப் பார்த்தேன். மாடியில் எல்லாரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. எத்தனையோ பேரை எத்தனையோ விதமாகத் திட்டியவன் நான். வாயைத் திறந்தால் வெறும் காற்று.

கடைசியில், “இன்னா சொல்றது? நீ தரணும். நான் கேக்கறேன். நீ தரல. அவ்ளோதான்” என்றேன்.

யேசுராஜ் மேலே கையைத் தட்டினார். “இயல்பு நவிற்சி! உள்ளத உள்ளபடி சொல்றது! எழுதுங்க, எழுதுங்க!”

அடுத்த வாரம் நான் சைக்கிள் கடை சுப்பிரமணியைப் பார்த்து, மேலே கேட்கும்படி, “எண்ணெ ஊத்தாத மோட்டாரு எத்தினி நாளு ஓடும்?” என்றேன். சுப்பிரமணி தன்னிடம் மோட்டாரே இல்லை என்றார். மேலேயிருந்து வாத்தியார், சொல்ல வந்ததை மறைத்து உவமையை மட்டும் சொன்னால் அது பிறிது மொழிதல் அணி என்று வகுப்புக்குச் சொல்வது கேட்டது. எட்டும் நிறைந்துவிட்டது. எட்டும் என்னுடையது. ஒரு படிக்கட்டுக்கு இத்தனை அணி பூட்டியவன் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இல்லை.

ஏப்ரலில் பரீட்சை. தமிழ் இரண்டாம் தாள் முடிந்த அன்று எல்லாரும் நேராக டுடோரியலுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். யேசுராஜ் படியின் கீழ்த் தட்டில் நின்று கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். வஞ்சப்புகழ்ச்சி அணியைச் சான்று தந்து விளக்குக என்று இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“எல்லாரும் எழுதினீங்களா?”

“பக்கம் பக்கமா எழுதினோம் சார்” என்றாள் ஃபெபி.

“சான்றுக்கு எந்தப் பாட்டு எழுதின?”

“பாட்டு மறந்துடிச்சி சார். முதலாளி ஞாபகம் இருந்தாரு.”

யேசுராஜ் மற்றவர்களைப் பார்த்தார். ஒருத்தன் சட்டைப் பட்டனைப் பார்த்தான், ஒருத்தன் சைக்கிள் கடையைப் பார்த்தான். இருபத்திரண்டு பேரும் என்னுடைய ‘ஆறு மாசமா ஒரே வார்த்த’யைத்தான் எழுதியிருந்தார்கள்.

“ஒருத்தர்கூடவா புக்குல இருக்கிறத எழுதல? நான் அதப் புரியறதுக்குத்தானே சொன்னேன்! பரீட்சைல எழுதச் சொன்னேனா? யார் பாடினதுன்னு போட்டீங்க?”

“பரசுராமன்னு” என்றான் ராஜாமணி.

“எந்த நூல்னு கேப்பாங்களே!”

“நூல் தெரியல சார். தனிப்பாடல்னு போட்டுட்டேன்.”

வாத்தியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்னே மூன்று மார்க்கிலும் நாலு மார்க்கிலும் விழுந்தவர்கள். அந்தக் கேள்விக்கு ஐந்து மார்க்.

நான் அவர் பக்கத்தில் போய், “நான் சொன்னதுல தப்பு இன்னா கீது?” என்று கேட்டேன்.

“தப்பே இல்ல அண்ணே. புகழற மாதிரி இகழ்ந்திருக்கீங்க, இலக்கணம் சுத்தம். ஆனா இது இலக்கியமான்னு திருத்தறவர்தான் சொல்லணும்.”

“அவரு எந்த ஊரு?”

“தெரியாது. எந்த ஊர்லயோ, யாரோ ஒரு தமிழ் வாத்தியார்.”

அதுவரைக்கும் நான் வேலை செய்து கொடுத்த எதையும் யாரும் சோதித்துச் சரியில்லை என்று சொன்னதில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவன் என் வார்த்தைக்கு மார்க் போடப்போகிறான், அதில் என் இரண்டாயிரத்து நூறு தொங்குகிறது என்றால் தூக்கம் எப்படி வரும்? வாத்தியாருக்கும் வரவில்லை என்று கிளாரா அம்மாள் சொன்னார். என் படிக்கு அவர் கலங்கவில்லையாம். பிள்ளைகளைக் கெடுத்துவிட்டேனே, லைனில் நிற்கிறவர்கள் நின்றபடியே போய்விடுவார்களே என்றுதான் புலம்பினாராம். காலையில் சாக்பீஸ் எடுக்க மறந்துவிட்டுக் கிளம்பினார் என்றும் சொன்னார். அவருடைய பை வெள்ளையாக இல்லாததை நானும் பார்த்தேன். ரோட்டில் குனிந்தபடி போனார். என் பலகையில் இருந்த ‘க்’ கோடை மழையில் அழிந்து, அப்படியே கிடந்தது.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் ரொம்ப நாள் கடைகள் சரியாகத் திறக்கவில்லை, போகிற வருகிறவனையெல்லாம் போலீஸ் நிறுத்திக் கேட்டது. டுடோரியல் பூட்டிக் கிடந்தது. படியில் ஆள் ஏறாமல் தூசி படிந்தது. நான் போய் ஒருநாள் துடைத்துவிட்டு வந்தேன். என் பொருள், நான் துடைத்தேன்.

ஜூனில் மாலைப் பேப்பரில் ரிசல்ட் வந்தது. டீக்கடையில் ராஜாமணி நம்பர்களை விரல் வைத்துப் பார்த்தான். அவனுடையது இருந்தது. ஃபெபியுடையது இருந்தது. பதினேழு பேர் பாஸ். ஐந்து பேர் பெயில். அதில் இரண்டு பேர் ஓ.டி. இருக்கிறது என்று முதல் தாளுக்கே போகாதவர்கள், அவர்களை என்னால் எப்படியும் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த ஐந்து மார்க்கில் திருத்தியவர் யாருக்கு எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். முழுசாகப் போட்டிருக்கிறார்.

யேசுராஜ் பேப்பரை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு அதன் ஓரத்தில் இருந்த விளம்பரத்தில் விட்டுப்போன ஒரு எழுத்தைப் பேனாவால் போட்டார். சரியாகிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கம்பெனியில் சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் பாஸானவர்கள் டுடோரியல் படி ஏறிப் போவதைப் பட்டறையிலிருந்து பார்த்தேன். பிறகு வாத்தியார் ரோட்டைத் தாண்டி வந்தார். என் பாக்கியைத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்திருந்தார். இராமச்சந்திரன் கிரைண்டரை நிறுத்தினான்.

“எண்ணிக்கோங்க அண்ணே” என்று முடிச்சை நீட்டினார்.

“நீ எண்ணி வெய்யி” என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை விரித்தேன்.

நூறு நூறாக வைத்தார். பாதிக்கு மேல் ஐம்பதும் இருபதும், சிலதில் கிரீஸ் கை பட்டிருந்தது. ஒவ்வொன்றாக நீவி, சிங்கத் தலை ஒரே பக்கமாக இருக்கும்படி திருப்பி வைத்தார். குறைத்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் குறைக்கவில்லை. இரண்டாயிரம் ஆனதும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்தார். ஒன்பது இருந்தது. சட்டைப்பையில் தேடினார். சாக்பீஸ் தூள் அப்பிய இரண்டு ஐந்து ரூபாய் நோட்டு வெளியே வந்தது. ஒன்றை வைத்தார். ஊதிவிட்டு, இன்னொன்றையும் வைத்தார்.